சாமந்திப்பூ சொல்லிக் கொடுத்த பாடம்



சென்ற இதழில் பிரசவித்த பெண்ணுக்கான பத்தியச் சமையல் பற்றி எழுதியபோது, "என் தங்கையின் பிரசவத்துக்காக செக் நாட்டுக்குப் போயிருந்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், லேகியத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு விட்டார்கள் நம் வாசகிகள்! கோயம்புத்தூர்ச் சகோதரி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "என் மகளுக்குப் பிராக் நகரத்தில் பிரசவம். நான்தான் போகிறேன். அங்கே அக்கம்பக்கத்தில் எப்படி நடந்துகொள்வது? நான் ஏதாவது தப்பாகச் செய்து, பெண்ணுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அப்படி ஒரு தப்பைச் செய்துவிட்டு வந்தவள்தான் நான்! அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

செக் என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பள்ளிக்கூடத்தில் செக்கோஸ்லோவாக்கியா என்று படித்தோமே, அது 1993 ஜனவரி 1ம் தேதி செக் என்றும் ஸ்லோவாக்கியா என்றும் இரண்டு நாடாகப் பிரிந்துவிட்டது. ஆகையால் பழைய பெயரைச் சொல்லாதீர்கள். "நீங்கள் ரஷ்ய பாஷைதானே பேசுவீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். 1968 ஆகஸ்டில் ரஷ்ய டாங்கிகள் பிராக் வீதிகளில் வந்து நின்றதை அங்குள்ள பெரியவர்கள் மறக்கவில்லை. நமக்கும் அவர்களுக்கும் ஒட்டுறவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நாம் ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போன பாட்டா செருப்பு பிறந்தது அந்த நாட்டு ஸ்லீன் என்ற ஊரில், 1894ம் வருஷம். கமில் சுவெலபில் என்று ஒரு தமிழ் அறிஞர் இருந்தாரே, அவரும் 1927ல் பிராகில் பிறந்தவர்தான். நம் தமிழைக் கற்று, அங்குள்ளவர்களுக்குக் கற்றும் கொடுத்தவர்!

<b>உம்மென்ற முகங்கள்</b>

என் தங்கை இருப்பது பிர்னோ. பிராகுக்கு அடுத்த பெரிய ஊர். 2023 அக்டோபர் ஆரம்பத்தில் நான் போய் இறங்கினேன். விசாவில் தொண்ணூறு நாளைக்கு மேல் தங்க முடியாது. நான் கிளம்பின பிறகு தங்கையும் கைக்குழந்தையும்தான். அவள் கணவருக்கு அடிக்கடி வெளியூர் வேலை. 'ஆத்திர அவசரத்துக்கு ஒரு மனுஷி வேண்டாமா' என்பதுதான் ராத்திரி படுத்தால் எனக்குக் கவலை.

ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு கிடையாது. லிஃப்ட்டில் நான் பல்லைக் காட்டிச் சிரித்தால் அவர்கள் ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். "என்னடி, இப்படிக் கல்லு மாதிரி இருக்காங்க?" என்று தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"அக்கா, அவங்க முணுமுணுக்கல்லே. உனக்கு வணக்கம் சொல்றாங்க. நீதான் பதில் சொல்லாம நிக்கறே!" என்றாள் அவள்.

அப்போதுதான் புரிந்தது. அங்கே தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் இல்லை. வாயால் சொல்லும் வழக்கம்தான். கடைக்குள் நுழைந்தால், லிஃப்ட்டில் ஏறினால், டாக்டர் வீட்டுக் காத்திருக்கும் அறையில் கால் வைத்தால், "டோப்ரீ டென்" என்று சொல்ல வேண்டும். நல்ல நாள் என்று அர்த்தம். கிளம்பும்போது "நாஸ்ஹ்லெடனோ", அதாவது 'போய் வருகிறேன்' மாதிரி. சொல்லாமல் நுழைந்தால், நம் வீட்டுக்கு வந்தவர் "வாங்க" என்றதற்குப் பதில் பேசாமல் உட்கார்ந்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கும். ஒரு வாரமாகக் கட்டடம் முழுவதையும் நான்தான் அவமதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

<b>விடியற்காலை மிக்ஸி</b>

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாள். லேகியத்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் வறுத்து வைத்திருந்தேன். நமக்குத்தான் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுமே! ஐந்தே கால் மணிக்கு மிக்ஸியைப் போட்டேன். சுக்கு அரைபடும் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் லிஃப்ட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை படித்துச் சொன்னார்: "ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அமைதி நேரம். தயவு செய்து மற்றவர்களையும் நினைத்துப் பாருங்கள்." இது வெறும் வீட்டு வழக்கம் இல்லையாம், சட்டமே அப்படித்தானாம். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையன்று சுவரில் துளை போடுவது, புல் வெட்டும் யந்திரம் ஓட்டுவது இதெல்லாம்கூடக் கூடாது. குழந்தை அழுதால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மிக்ஸி அழுதால்தான் சொல்வார்கள்!

எதிர் வீட்டில் எழுபது வயது தாண்டிய அம்மாள் ஒருவர் தனியாக இருந்தார். எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுக்கை அறை. அவர்தான் எழுதியிருப்பார் என்று தங்கை சொன்னாள். சரி, பெரியவர், நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

<b>ஆறு சாமந்தி</b>

அக்டோபர் கடைசி வாரம். கடைத்தெரு முழுக்கச் சாமந்தி! மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகக் குவித்து வைத்திருந்தார்கள். எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை மங்களகரமான பூ இங்கேயும் கிடைக்கிறதே என்று சந்தோஷத்தோடு பெரிய பெரிய பூவாக ஆறு பொறுக்கி எடுத்தேன். தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்புவானேன் என்று, வெளியே போய் வந்த ஷூவோடு அப்படியே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்த அம்மாள் கதவைத் திறந்தார். பூவைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. வாங்கிக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். என் காலைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என்னக்கா இப்படிப் பண்ணிட்டே! அவங்க வீட்டுக்காரர் போன ஏப்ரல்லேதான் செத்துப்போனார்!"

சகோதரிகளே, அந்த நாட்டில் நவம்பர் 2ம் தேதி இறந்தவர்களை நினைக்கும் நாள். நம் மகாளய அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அன்றைக்கு எல்லாரும் கல்லறைக்குப் போய் விளக்கேற்றி வைப்பார்கள். அதற்காகத்தான் கடையெல்லாம் சாமந்தி. அது போதாதென்று பூவின் எண்ணிக்கை வேறே! உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்தால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படைதான். இரட்டைப்படை சாவுக்கு. நான் கணவரை இழந்து ஆறு மாதமே ஆன பெண்மணியிடம், சாவுப் பூவை, சாவுக் கணக்கில் எண்ணிக் கொண்டுபோய்ச் சிரித்துக்கொண்டே நீட்டியிருக்கிறேன்.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ ஊருக்குப் போயிடுவே, நான்தானே இவங்க முகத்திலே தினம் முழிக்கணும்" என்று தங்கை கண் கலங்கினாள். கெட்ட பேர் எனக்கு வந்தால் பரவாயில்லை, அவளுக்கு அல்லவா வந்துவிட்டது!

<b>இரண்டாம் முறை</b>

நவம்பர் முதல் வாரம் முடியட்டும் என்று காத்திருந்தோம். அங்கே சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. தங்கை ஒரு சீட்டு எழுதி அவர் தபால் பெட்டியில் போட்டாள்: 'சனிக்கிழமை மூன்று மணிக்கு வரலாமா?' மறுநாள் 'வரலாம்' என்று பதில் வந்தது. தங்கை முன்கூட்டியே இன்னொன்றும் எழுதியிருந்தாள், அக்கா மாமிசமும் முட்டையும் சாப்பிட மாட்டாள் என்று. இது முக்கியம். அங்கே கேக், ரொட்டி வகைகள் பெரும்பாலானவற்றில் முட்டை இருக்கும். அவர் பாடுபட்டுச் செய்து வைத்த பிறகு வேண்டாம் என்றால் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் வருத்தம்தானே?

சரியாக மூன்று மணிக்கு மணியை அழுத்தினோம். இந்தத் தடவை ஐந்து ஜெர்பெரா பூ. சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துவிட்டுப் பூவை மட்டும் கொடுத்தேன். காகிதத்தோடு கொடுப்பது அழகில்லையாம். வாசலிலேயே ஷூவைக் கழற்றினேன். இதில் அவர்களும் நம்மைப் போலத்தான், வீட்டுக்குள் செருப்போடு போவதில்லை. விருந்தாளிக்கென்று துணிச் செருப்பு வைத்திருப்பார்கள், கொடுத்தால் போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகள்கூட நர்சரிப் பள்ளிக்கு மாற்றுச் செருப்புக் கொண்டு போகிறார்கள்.

மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். "ப்ரொமிஞ்தெ." மன்னியுங்கள் என்று அர்த்தம். தங்கை மீதியைச் சொன்னாள், எங்கள் ஊரில் சாமந்தி சுவாமிக்கும் கல்யாணத்துக்கும் வைக்கிற பூ என்று.

அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னதைத் தங்கை தமிழில் சொன்னாள்: "உங்கள் பூ போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று. 2ம் தேதி என் கணவரிடம் கொண்டு போய் வைத்தேன். ஆறு. கணக்குச் சரியாக இருந்தது."

நான் அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

எனக்காக ஆப்பிளும் வால்நட்டும் எலுமிச்சம்பழம் போட்ட டீயும். தங்கைக்கு 'பாபோவ்கா' என்ற கேக். சாப்பிட ஆரம்பிக்கும் முன் "டோப்ரோ ஹுத்" என்று சொல்ல வேண்டும், ருசித்துச் சாப்பிடுங்கள் என்று. நான் கொண்டு போன முறுக்கை நீட்டினேன். "நோ, நோ" என்றார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தங்கை சிரித்தாள். செக் பாஷையில் ஆமாம் என்பதற்கு 'அனோ'. பேச்சு வழக்கில் அதைச் சுருக்கி 'நோ' என்பார்களாம்! வேண்டாம் என்றால் 'நெ'. இரண்டு முறுக்குச் சாப்பிட்டார். லிஃப்ட்டில் காகிதம் ஒட்டியதும் தான்தான் என்று அவராகவே ஒப்புக்கொண்டார்.

<b>அழைப்பதிலும் அளவு</b>

நமக்கு வயதானவர் என்றாலே பாட்டி, நடுவயது என்றால் மாமி, அக்கா. அங்கே அது கூடாது. தெரியாத முதியவளைப் பாட்டி என்று கூப்பிட்டால் மனம் கோணும். 'பனி' என்ற மரியாதைச் சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு 'பன்'. படித்தவர்களை டாக்டர், இன்ஜினீயர் என்று பட்டத்தைச் சொல்லியே அழைப்பார்கள். கணவர் பெயர் நோவாக் என்றால் மனைவி நோவாகோவா. பெண்ணின் குடும்பப் பெயருக்கு அப்படி ஒரு வால் உண்டு. 2022லிருந்து விருப்பமில்லாத பெண்கள் அந்த வாலை விட்டுவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

நம்மைப் போலவே அவர்களுக்கும் 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தச் சௌகரியம் இல்லை பாருங்கள்! புதியவரிடம் 'நீங்கள்'தான். 'நீ' என்று பேசலாமா என்று கேட்கும் உரிமை வயதில் பெரியவருக்கு, அல்லது பெண்ணுக்கு. சின்னவர் முந்திக்கொள்ளக் கூடாது. "அஹோய்" என்பது நெருங்கினவர்களுக்கு மட்டும்.

<b>இன்னும் சில குறிப்புகள்</b>

* டிராமில் கிழவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எழுந்து இடம் கொடுப்பார்கள், நாமும் கொடுக்க வேண்டும். குழந்தை வண்டியை ஏற்ற இறக்க உதவி வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். சத்தம் போட்டு டெலிபோனில் பேச வேண்டாம்.

* ஓட்டலில் நன்றாகக் கவனித்தால், தொகையை முழுசாக்கியோ பத்தில் ஒரு பங்கு சேர்த்தோ கொடுப்பது வழக்கம். அங்கே நாணயம் கொருனா, யூரோ இல்லை.

* மது அருந்தாதவர்கள் பழரசக் கிண்ணத்தை உயர்த்தினாலே போதும். "நாஸ்த்ராவி" என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும். வேறெங்கோ பார்த்தால் மரியாதைக் குறைவு.

* பிறந்த நாள் போக, பெயர் நாள் என்று ஒன்று உண்டு. காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் போட்டிருக்கும். ஜூலை 26 என்றால் ஆன்னா, மார்ச் 19 என்றால் யோசெஃப். அன்று அந்தப் பெயருள்ளவருக்கு ஒரு பூவோ, சாக்லேட்டோ கொடுத்தால் பூரித்துப் போவார்கள்.

* ஈஸ்டர் திங்கட்கிழமை காலையில் ஆண் பிள்ளைகள் பின்னிய வில்லோ மரக்குச்சியோடு வந்து பெண்களை லேசாகத் தட்டுவார்கள். பயப்படாதீர்கள், வருஷம் முழுக்க இளமையாக இருக்க வேண்டும் என்று அர்த்தமாம்! பதிலுக்கு வர்ணம் தீட்டிய முட்டை கொடுப்பார்கள்.

* கிறிஸ்துமஸுக்கு முன் தெருவில் தொட்டி வைத்து உயிருள்ள கெண்டை மீன் விற்பார்கள். சைவக்காரர்கள் அந்தப் பக்கம் முகம் சுளிக்காமல் நடந்து போய்விடுவது நல்லது. அது அவர்களுடைய பண்டிகைச் சாப்பாடு.

* அவசரத்துக்கு 112. ஆம்புலன்ஸுக்கு மட்டும் 155. இந்த இரண்டையும் சமையலறையில் எழுதி ஒட்டி வையுங்கள்.

<b>சிவப்பு ரிப்பன்</b>

அதற்கப்புறம் எதிர் வீட்டு அம்மாள் வாரம் ஒரு தரம் வருவார், சொல்லிவிட்டுத்தான்! குழந்தை தலையில் குல்லாய் இல்லை என்றால் எனக்குத் திட்டு விழும். ஒரு நாள் குழந்தை வண்டியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினார். எதற்கென்று கேட்டோம். கண் படாமல் இருக்கவாம்! நான் குழந்தையின் கன்னத்திலிருந்த திருஷ்டிப் பொட்டைக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தனை நாள் கல் என்று நான் நினைத்த முகமா அது!

டிசம்பர் 24 அன்று ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்ன பிஸ்கோத்துகள் கொடுத்தனுப்பினார். வெறும் தட்டைத் திருப்பித் தருவது நம் வழக்கமில்லையே, மைசூர்பாகு வைத்துக் கொடுத்தேன். நான் கிளம்புகிற அன்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு தங்கையிடம் ஏதோ சொன்னார். "இனிமேல் என்னை 'நீ' என்றே பேசு. குழந்தைக்கு நான் 'பாபி'." பாபி என்றால் பாட்டி. நாமாகக் கூப்பிடக் கூடாத அந்த வார்த்தையை அவராகவே கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும், குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூன்று மாதக் குழந்தைக்கு ஜுரம் என்றால் விடிகிற வரை காத்திருக்கக் கூடாது. மாப்பிள்ளை ஊரில் இல்லை. பதற்றத்தில் தங்கைக்குத் தெரிந்த நாலு செக் வார்த்தையும் மறந்துபோய்விட்டது. எதிர்க் கதவைத் தட்டினாள். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று காகிதம் ஒட்டிய அதே அம்மாள்தான் ராத்திரி உடையோடு ஓடி வந்து, 155க்குப் போன் செய்து விவரம் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார். குழந்தை நன்றாகிவிட்டது. இப்போது அது 'பாபி' என்று தெளிவாகக் கூப்பிடுகிறது. 'பெரியம்மா' என்றுதான் இன்னும் சரியாக வரவில்லை!

கோயம்புத்தூர்ச் சகோதரி! தப்பு நேர்ந்துவிடுமோ என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடாதீர்கள். தப்பு யாருக்கும் வரும். 'டோப்ரீ டென்' என்ற வார்த்தையோடு 'ப்ரொமிஞ்தெ'யையும் கற்றுக்கொண்டு போங்கள். நாம் தொண்ணூறு நாளில் திரும்பிவிடுகிறவர்கள். நம் பெண்கள் அங்கேயே இருக்கப் போகிறவர்கள். நாம் சொல்கிற ஒவ்வொரு வணக்கமும் அவர்கள் கணக்கில் சேருகிறது.

பூ வாங்கும்போது மட்டும் எண்ணி வாங்குங்கள். ஐந்து!

அடுத்த இதழில், முட்டை சேர்க்காமல் வீட்டிலேயே செய்யக்கூடிய பிஸ்கோத்து வகைகளோடு சந்திக்கிறேன்.